விற்ற துவக்கும் விலைபோகாத வருத்தமும்

செப்டெம்பர் மாதத்தின் இறுதி வாரம் பிறந்துவிட்டால் நோர்வேயின் வேலைத்தலங்களில் ஒரு மாற்றம் தோன்றுவதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். நேற்றுவரை எம்மருகில் நின்று வேலை செய்தவர் ஒரு வாரத்துக்குக் காணாமற் போய்விடுவார். திரும்பி வரும்போது முகத்தில் தாடி வளர்ந்திருக்கும். மதிய உணவு வேளையில் யார் எந்த மரத்தடியில் காத்திருந்தார், மிருகம் எந்தப் பக்கத்தால் வந்தது என்ற கதைகளே நடைபெறும். 'எல்க்' என்று இந்நாட்டவர் அழைக்கும் பெரிய காட்டுமானின் வேட்டைக்காலம் செப்டெம்பர் 25ஆம் திகதி தொடங்குகின்றது. அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25,000 முதல் 30,000 வரையிலான எல்க்குகள் வேட்டையாடப்பட்டு வருகின்றன. கிராமப்புறக் குடும்பங்கள் பலவற்றின் குளிர்பெட்டிகள் அந்த இறைச்சியாலேயே நிரம்புகின்றன.

எமக்கோ துவக்கு என்பது வேறு நினைவுகளைக் கொண்டுவரும் சொல். எமது வீடுகளில் அது தணிந்த குரலில் மட்டுமே உச்சரிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. துவக்கின் ஓசை கேட்டுப் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் நாம். ஆகவே, தாம் விற்றுவிட்ட ஒரு வேட்டைத் துவக்கை நினைத்து ஒரு நோர்வேஜிய முதியவர் எம் முன்னிலையில் கண்கலங்கியபோது, அந்தத் துயரை எவ்வாறு ஏற்றுக்கொள்வதென்று எமக்குத் தெரியவில்லை. வீட்டையும் வளவையும் விட்டு வந்தவர்களிடம் ஒரு துவக்குக்காக அழுவதா என்றும் உள்ளூர எண்ணினோம். அந்த எண்ணம் பிழையானது என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாடிப்படியில் வந்த நட்பு

அம்முதியவர் ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் எமது தொடர்மாடியிலேயே வசிப்பவர். எமது பிள்ளைகள் அவரைப் 'பெஸ்தபார்' என்றே, அதாவது தாத்தா என்றே, அழைப்பர். மனைவி காலமான பின்னர், மகளுக்கு அருகில் இருக்க வேண்டுமென்று ஓஸ்தர்டாலன் பகுதியிலிருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கு வந்தவர். வீட்டை விற்ற அதே கிழமையில் தம்மிடமிருந்த துவக்குகளையும் விற்றார். ஏனையவற்றைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒன்றை மட்டுமே அவரால் மறக்க முடியவில்லை.

அது கடையில் வாங்கிய துவக்கு அன்று. பழைய மௌசர் இயந்திரப் பகுதி ஒன்றை எடுத்து, புதிய குழல் பூட்டி, அவருடைய கையின் நீளத்துக்கும் கன்னத்தின் உயரத்துக்கும் அளவெடுத்து ஒரு துவக்குக் கொல்லர் செய்து கொடுத்தது. பிடங்குக்குரிய மரம் அவருடைய தகப்பனாரின் வளவில் நின்ற பேர்ச் மரம். அம்மரம் காற்றில் விழுந்தபோது அறுத்து, ஆண்டுக்கணக்காகக் கொட்டிலில் உலர வைத்திருந்தார்களாம். அதற்குரிய ரவையும் எந்தக் கடையிலும் கிடைக்காத ரவை. தாமே மேசையில் இருந்து, ஒவ்வொன்றாக அளந்து நிரப்பி வந்தார். இருபத்தைந்து இலையுதிர்காலங்கள் அதனைத் தோளில் சுமந்து காட்டுக்குப் போனதாகச் சொன்னார்.

காட்டுப்பூனை என்னும் ரவை

இவ்விடத்தில் துவக்கைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டியுள்ளது.

தொழிற்சாலைகள் செய்து விற்கும் ரவைகளுக்கு வரையறுத்த அளவுகள் உண்டு. எந்த நாட்டில் வாங்கினாலும் அந்த அளவுக்குரிய துவக்கில் அது பொருந்தும். ஆனால் வேட்டைக்காரரும் துவக்குக் கொல்லரும் அந்த அளவுகளோடு நின்றுவிடுவதில்லை. இருக்கின்ற ரவைக்கோதின் கழுத்தை ஒடுக்கியோ விரித்தோ, தோளை மாற்றியோ, கூடுதல் வெடிமருந்து கொள்ளும்படி செய்து புதிய ரவைகளை உருவாக்குவர். தொழிற்சாலை எதுவும் செய்யாத இத்தகைய ரவைகளுக்கு ஆங்கிலத்தில் 'வைல்ட்கற்', அதாவது காட்டுப்பூனை, என்று பெயர். வீட்டில் வளராத பிராணி என்பது போல, கடையில் கிடைக்காத ரவை. இக்கலையில் பெரும்பெயர் பெற்றவர் அமெரிக்கத் துவக்குக் கொல்லரான பி. ஓ. அக்லி. அவர் 1989இல் காலமானார். சில காட்டுப்பூனைகள் பிற்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் உண்டு. 1920ஆம் ஆண்டளவில் தனியார் உருவாக்கிய '25-06' என்ற ரவையை 1969இல் ரெமிங்டன் நிறுவனம் தனது விற்பனைப் பொருளாக்கியது. பெரும்பாலானவையோ அவற்றை உருவாக்கியவரோடும் அவருடைய ஒரே துவக்கோடும் நின்றுவிடும்.

பெஸ்தபாரின் துவக்கு 6.5×55 என்ற ரவையை அடிப்படையாகக் கொண்டது. இந்த எண்களுக்கு நோர்வேயில் ஒரு வரலாறு உண்டு. நோர்வேயும் சுவீடனும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்தில், இரு நாட்டுப் படைகளுக்கும் பொதுவான ரவையொன்றை ஒரு கூட்டுக்குழு வடிவமைத்தது. 1905இல் இரு நாடுகளும் பிரிந்தபோதும் அந்த ரவை இரு நாடுகளிலும் நிலைத்துவிட்டது. 1894இல் நோர்வே தனது படைக்கு ஏற்றுக்கொண்ட கிராக்-யோர்கன்சன் றைபிள் இந்த ரவைக்காகவே செய்யப்பட்டது. அதனை வடிவமைத்த ஓலே கிராக்கும் எரிக் யோர்கன்சனும் நோர்வேஜியர்கள். அவர்களது வடிவமைப்பை நோர்வேக்கு முன்னரே டென்மார்க் 1889இலும் அமெரிக்கா 1892இலும் தத்தம் படைகளுக்கு ஏற்றுக்கொண்டிருந்தன. கொங்ஸ்பர்க் நகரின் ஆயுதத் தொழிற்சாலையே நோர்வேயின் கிராக் றைபிள்களுள் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்தது. அன்று படைக்கென்று பிறந்த ரவை இன்று எல்க் வேட்டைக்கும் கலைமான் வேட்டைக்கும் பரவலாகப் பயன்படுகின்றது.

பெஸ்தபாரின் துவக்குக் கொல்லர் அந்தக் கோதின் உடலைச் சற்றே விரித்து, தோளைச் செங்குத்தாக்கினார். அவ்வாறான கோதை வாங்க முடியாது. துவக்கிலேயே உருவாக்க வேண்டும். கடையில் வாங்கிய சாதாரண ரவையை அந்தத் துவக்கில் இட்டுச் சுட்டால், வெடியின் அழுத்தத்தில் பித்தளைக் கோது விரிந்து, ரவை அறையின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கோதையே மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாம். அதற்கென்று தனி அச்சுகள் வேண்டும். எத்தனை மருந்து, எந்த ரவை, எத்தகைய குளிரில் எங்கே பட்டது என்று எழுதி வைத்த கொப்பியும் வேண்டும். துவக்கு, அச்சு, கொப்பி, கை ஆகிய நான்கும் சேர்ந்தாலே அது துவக்கு. ஒன்று பிரிந்தால் ஏனைய மூன்றும் இரும்பும் கடதாசியும்தான்.

ஒரே மாலையில் நடந்த விற்பனை

நோர்வேயில் துவக்கை விற்பது பழைய கதிரையை விற்பது போன்றதன்று. வாங்குபவரிடம் பொலிஸாரின் அனுமதி இருக்க வேண்டும். வேட்டைக்காரராயின் அவர் வேட்டைத் தேர்வில் சித்தியடைந்திருக்க வேண்டும். 1986 முதல் புதியவர்களுக்கு அத்தேர்வு கட்டாயம். எல்க், மான், கலைமான் முதலிய பெரிய விலங்குகளை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் குறிபார்த்துச் சுடும் சோதனையிலும் தேற வேண்டும். நூறு மீற்றர் தொலைவில் வைக்கப்பட்ட கலைமான் உருவத்தின் உயிர்நிலைப் பகுதியில் ஐந்து ரவைகளும் பட வேண்டும். ரவையின் வலுவுக்கும் விதி உண்டு. பத்துக் கிராமுக்கு மேற்பட்ட ரவையாயின் நூறு மீற்றரில் குறைந்தது 2,200 யூல் சக்தி இருக்க வேண்டும். 2021 ஜூன் 1ஆம் திகதி முதல் புதிய ஆயுதச் சட்டம் நடைமுறையில் உள்ளது. துவக்குகளைப் பூட்டி வைப்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டியும் வேண்டும்.

இந்த இரும்புப் பெட்டியே பெஸ்தபாரின் விற்பனைக்குக் காரணமாயிற்று. புதிய தொடர்மாடி வீட்டின் சிறிய அறையில் அதனை வைக்க இடமில்லை என்றும், பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் துவக்கு வேண்டாம் என்றும் அவருக்குத் தோன்றியது. முழங்கால்களும் முன்போல ஏற்றம் ஏறவில்லை. அனுமதிப் பத்திரத்தோடு வந்த ஓர் இளைஞருக்கு, அச்சுகளையும் கொப்பியையும் சேர்த்து, ஒரே மாலையில் கொடுத்துவிட்டார். விலை நியாயமானதே. ஏமாற்றம் எதுவும் இல்லை. எவரும் அவரை வற்புறுத்தவும் இல்லை.

முதல் இலையுதிர்காலம் வந்தபோதுதான் அவருக்கு விளங்கியது. வேட்டைக்குப் போக வேண்டுமென்ற ஆசை அவரை வருத்தவில்லை. மாலையில் மேசை விளக்கின் கீழ் இருந்து ரவை நிரப்பும் அந்த அமைதி போய்விட்டது. தகப்பனின் வளவில் நின்ற மரத்தை உள்ளங்கையால் தொடும் அந்தக் கணமும் போய்விட்டது. இரண்டாம் ஆண்டு, வாங்கியவரைத் தொலைபேசியில் அழைத்து, தந்த விலைக்கு மேலும் தந்து திருப்பி வாங்கிக்கொள்வதாகக் கேட்டார். அந்த இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார். கடையில் ரவை வாங்க முடியாத துவக்கு தமக்கு உதவவில்லை என்றும், குழலைக் கழற்றி வழமையான ரவைக்குரிய புதிய குழல் பூட்டிவிட்டதாகவும், பிடங்கு தமது தோளுக்குக் குறுகியதாக இருந்தமையால் செயற்கைப் பிடங்கு போட்டுவிட்டதாகவும் கூறினார். பழைய குழலும் மரமும் எங்கே என்று கேட்டதற்கு, கொல்லரிடம் விட்டுவந்ததாகச் சொன்னார்.

வாங்கியவர் மீது பிழையில்லை என்பதை பெஸ்தபார் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் அவரிடம் ஒரு துவக்கை விற்றேன். அவர் ஒரு துவக்கைத்தான் வாங்கினார். மற்றவற்றுக்கு நான் விலை சொல்லவில்லையே" என்றார்.

பின்னர் மேலங்கிப் பையிலிருந்து ஒரு வெற்றுக்கோதை எடுத்து மேசையில் வைத்தார். பழைய வேட்டை உடுப்பின் மூலையில் கிடந்ததாம். பித்தளை கறுத்திருந்தது. "இது இப்போது உலகத்தில் எந்தத் துவக்குக்கும் பொருந்தாது" என்றார்.

கோர்பெட் புதைத்தவை

இவ்வருத்தம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நோர்வே முழுவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின்னர், படையினர் பயன்படுத்திய கிராக் றைபிள்களும், ஜேர்மனியர் விட்டுச்சென்ற மௌசர் றைபிள்களும் காலப்போக்கில் வேட்டைக்காரர் கைக்கு வந்தன. நீண்ட பிடங்கை வெட்டி, குழலைக் குறுக்கி, வேட்டைக்கு இலகுவாக்கினர். அன்று அது சிக்கனம். இன்று வெட்டப்படாத கிராக் றைபிளைச் சேகரிப்போர் தேடி அலைகின்றனர். வெட்டிய மரத்தை ஒட்ட வழியில்லை.

எமது பக்கத்து உலகிலும் ஒரு கதை உண்டு. இந்தியாவின் நைனிதாலில் 1875இல் பிறந்த ஜிம் கோர்பெட்டை அறியாதோர் குறைவு. 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை அவர் 1907இல் சுட்டுக்கொன்றபோது, ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் ஜோன் ஹியூவெட் அவருக்கு ஒரு றைபிளைப் பரிசளித்தார். இலண்டனின் றிக்பி நிறுவனம் செய்த அந்தத் துவக்கின் பிடங்கில் வெள்ளித் தகடொன்றும் பதிக்கப்பட்டிருந்தது. 1947 நவம்பரில், எழுபத்திரண்டாவது வயதில், கோர்பெட் தமது சகோதரியுடன் பிறந்த நாட்டைவிட்டுக் கென்யாவுக்குப் புறப்பட்டார். நைனிதால் வீட்டை விற்றார். ஆனால் துவக்குகளுள் சிலவற்றை அவர் விற்கவில்லை. காட்டுக்குள் கொண்டுசென்று புதைத்துவிட்டுப் போனார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர். பரிசாகப் பெற்ற றைபிள் அவருடன் சென்றது. 1955இல் அவர் இறந்த பின்னர், அவருடைய நூல்களை வெளியிட்ட ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்திடம் அது இருந்தது. 2015இல், அதனைச் செய்த றிக்பி நிறுவனமே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்த கைக்கே ஒரு நூற்றாண்டின் பின் மீண்ட துவக்கு அது. அத்தகைய நற்பேறு எல்லாப் பொருள்களுக்கும் வாய்ப்பதில்லை.

வீட்டை விற்ற மனிதருக்குத் துவக்கைப் புதைக்க ஏன் தோன்றியது? வீட்டை வாங்குபவர் அதில் வாழ்வார். துவக்கை வாங்குபவர் அதனோடு நடந்த காட்டுவழிகளை வாங்கமாட்டார். கோர்பெட்டின் மனதை நாம் அறியோம். ஆயினும் பெஸ்தபாரின் மேசையில் அந்தக் கோதைப் பார்த்த பின்னர், அச்செயல் எமக்கு விந்தையாகத் தோன்றவில்லை.

வன்னியின் சுவரில் தொங்கியது

இதனை எழுதும்போது எமது மூத்தோர் சிலருக்கு வேறொரு துவக்கும் நினைவுக்கு வரும். போருக்கு முந்திய வன்னியில் துவக்கு என்பது கமக்காரனின் காவற்பொருள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின்படி ஆண்டுதோறும் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பித்து, பன்றியும் யானையும் இறங்கும் வயலுக்குக் காவல் இருப்பார்கள். இரவில் பரணில் ஒரு லாந்தர், ஒரு போர்வை, ஒரு துவக்கு. இடியன் துவக்குக்கு மருந்து இடித்து நிரப்பும் அளவு வீட்டுக்கு வீடு வேறுபடும். அதுவும் தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கே. அந்தத் துவக்கு வைக்கப்பட்டிருந்த வீட்டில் பிள்ளைகள் அச்சமின்றி உறங்கினர் என்பதை இன்று சொன்னால் எமது பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பின்னர் வந்த துவக்குகள் அந்த நினைவின் மேல் ஏறி நின்றுகொண்டன.

அந்தத் துவக்குகளை எமது மூத்தோர் விற்கவில்லை. அவை கேட்கப்பட்டன, கொடுக்கப்பட்டன, பறிக்கப்பட்டன, விட்டுவரப்பட்டன. பறிகொடுத்தவனுக்குச் சினம் கொள்ள ஓர் இடம் உண்டு. தானே விற்றவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. பெஸ்தபாரின் கண்ணீரை நாம் முதலில் மதியாமல் விட்டதன் காரணம் இதுதான். இழப்பென்றால் பறிப்பு மட்டுமே என்று எண்ணிப் பழகிவிட்டோம்.

நாம் விற்கின்றவை

ஆயினும் நாமும் எமது விருப்பத்தோடு விற்றிருக்கின்றோம். வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கணக்காக உழைத்த எமது குடும்பங்கள் ஒஸ்லோவுக்கு இடம்மாறியபோது எத்தனை பொருள்களை அயலவருக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தன! ஊரிலிருந்து பெரும்பாடுபட்டுக் கொண்டுவந்த மிருதங்கம், பிள்ளை படிப்பதை நிறுத்தியதும் விற்கப்பட்டது. அம்மாவின் தையல் மெசின், இடமில்லை என்பதற்காக வெளியேறியது. தச்சுத்தொழில் செய்தவரின் உளிகள், அவர் இறந்த மறுமாதமே கீழறையைத் துப்புரவாக்கும் நாளில் போயின. அந்த உளியின் பிடி அவருடைய கைக்கென்று இழைக்கப்பட்டது என்பதை எவரும் அப்போது எண்ணவில்லை.

எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டுமென்று நாம் சொல்லவரவில்லை. அகதியின் வீட்டில் இடம் குறைவு; பயன்படாத பொருள் பாரம். பெஸ்தபார் துவக்கை விற்றதும் ஒருவகையில் சரியே. காட்டுக்குப் போகாத ஒருவர் பேரப்பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் துவக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய வருத்தம் விற்றதைப் பற்றியது மட்டுமன்று. விற்ற விதத்தைப் பற்றியதும் ஆகும்.

அவரிடம் கேட்டோம்: மீண்டும் அந்த மாலை வந்தால் என்ன செய்வீர்கள்? சிறிது நேரம் யோசித்து மூன்று விடயங்களைச் சொன்னார். வீடு மாறும் கிழமையில் விற்றிருக்கமாட்டேன். ஒரு குளிர்காலம் பொறுத்திருப்பேன். யாருக்கு விற்பது என்று தேடியிருப்பேன். தாமே ரவை நிரப்பும் ஒருவருக்கு, குறைந்த விலைக்கேனும், கொடுத்திருப்பேன். அவரை ஒரு நாள் மேசையில் இருத்தி, கொப்பியில் எழுதாதவற்றையும் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

மூன்றாவதே எமது நெஞ்சில் நின்றது. பொருளைக் கொடுக்கும்போது அதன் பயன்பாட்டையும் கொடுக்க வேண்டும். மிருதங்கத்தை விற்கும் முன் அதனை வாசிக்கும் பிள்ளை அயலில் உண்டா என்று பார்க்கலாம். உளிகளை வெளியேற்றும் முன் ஒருமுறை மகனின் கையில் கொடுத்து, பலகையொன்றை இழைக்கச் செய்யலாம். அவன் வேண்டாமென்றால் விற்கலாம். ஆனால் தெரியாமல் விற்கலாகாது. எமது பிள்ளைகளுள் எவரேனும் நாளை இந்நாட்டு வேட்டைத் தேர்வுக்குச் செல்ல விரும்பினால், துவக்கு என்றாலே ஒரே பொருள்தான் என்று அவர்களைத் தடுக்காமல், வன்னியின் பரணையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

பெஸ்தபார் அன்று அந்தக் கோதை எமது மகனின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. அதனை எங்கே வைப்பதென்று மகன் கேட்டான். அலுமாரியின் மேற்தட்டில் ஒரு தகரப்பெட்டி உண்டு. அதில் ஊரில் இருந்த எமது வீட்டின் திறப்பு இருக்கின்றது. அந்தத் திறப்புக்குரிய கதவு இன்று இல்லை. கோதை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னோம்.